தொடர்ச்சி

என் வேலை தொடர்ச்சி பார்ப்பது.
இந்த ஷாட்டில் இடது தோளில் இருக்கும் காயம்
அடுத்த ஷாட்டில் வலதுக்குத் தாவிவிடக் கூடாது.
எஜமானரின் கோப்பையில் ஒயின்
குடிக்கக் குடிக்க ஏறக் கூடாது.
மற்றதற்கெல்லாம் வேறு ஆட்கள்.

லூசியானா. ஆற்றங்கரையில் வெள்ளைத் தூண் மாளிகை.
சனிக்கிழமை அங்கே கல்யாணம்.
வெள்ளிக்குள் அடிமைக் குடில்களைப் பிரித்துவிட வேண்டும்.
சுற்றிலும் கரும்பு.
கரும்பு தின்னக் கூலியா என்பார்கள்;
வெட்டினவனுக்கே கூலி இல்லாத மண் இது.
இயக்குநருக்குக் கரும்பு பிடிக்கவில்லை.
ஆளை மறைக்கிறது, பச்சை தூக்கலாக இருக்கிறது என்றார்.
பருத்திச் செடி லாரியில் வந்தது.
பஞ்சை நாங்களே ஒட்டினோம்.

முதுகில் பதினொரு தழும்பு என்று எழுதியிருந்தது.
முதல் நாள் பதினொன்று.
மானிட்டரில் பார்த்துவிட்டு ஏழு.
தயாரிப்பாளர் வந்துபோன பிறகு மூன்று.
குறித்துக்கொண்டேன்: மூன்று, சிலிக்கோன், மேலிருந்து கீழ்.
இனி எப்போதும் மூன்றுதான்.

முதுகுக்குச் சொந்தக்காரர் வெண்டல் நார்சிஸ்.
இரவில் ஒன்பது மைல் தள்ளி ரசாயன ஆலையில் ஷிஃப்ட்,
பகலில் எங்களுக்கு ஓடிப்போன அடிமை, வசனம் இல்லை.
அவர் வலது முன்கையில் நிஜமாகவே ஒரு தீப்புண் தழும்பு,
ஆலையில் பட்டது, போன டிசம்பரில்.
அது அந்தக் காலத்துக்குப் பொருந்தாதாம்.
மேக்கப் பெண் நாற்பது நிமிடம் பூசினாள்.
மறைந்தது. படம் எடுத்துக் கோப்பில் வைத்தேன்.

பிள்ளையை விற்கும் காட்சி.
தாய் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறாள்,
விரல் விரலாகப் பிரிக்கிறார்கள்.
நான்காம் டேக்கில் இமெல்டா ஜீனோ விடவேயில்லை.
கட் சொன்ன பிறகும்
விடவில்லை.
இது ரொம்ப அதிகம் என்றார்கள்.
ஐந்தாவதில் எஜமானர் ஜன்னலோரம் நிற்கிறார்,
கண் கலங்குகிறது,
காமிரா மெல்ல அவரிடம் போகிறது, போய்
அங்கேயே தங்கிவிடுகிறது.
சக்கரம் உருளும் ஓசை மட்டும் வெளியே.
குழுவில் இரண்டு பேர் அழுதார்கள். நானும்தான்.
யாருக்காக என்று
அறைக்குத் திரும்பிய பிறகே யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை கழிவறை தேடிப் போனபோது
பரிசுக்கடைக்குப் பின்னால், கண்ணாடிக்குள் ஒரு பேரேடு.
நார்சிஸ். வயது இருபத்தாறு. சர்க்கரை காய்ச்சுபவன்.
முன்கை வெந்திருக்கிறது; நூறு டாலர் குறைத்துக்கொள்ளவும்.

எந்தக் கை என்று எழுதவில்லை.
என் தொழிலில் அது பெரிய பிழை.

வெளியே, குடில்கள் நின்ற புல்லில்
வெள்ளை நாற்காலிகளை
வரிசை பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.