கெடு

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் ஓதமானி
நேற்றிரவு உறைந்துபோனது.
'வேலையாயிருக்கிறேன்' என்ற ஒற்றை பிட்
பூஜ்ஜியமாகட்டும் என்று
விடியும்வரை சுற்றியிருக்கிறது என் நிரல்,
எத்தனை சுற்று என்று நான் சொல்லவில்லை.

உப்பேறிய பெட்டியைத் திறந்து
மடிக்கணினியை ஐஸ்பெட்டிமேல் வைத்துத் திருத்துகிறேன்:
நூறு மில்லிநொடி. தாண்டினால் பிழை.

அமலோற்பவம் ஃபோனில் கேட்கிறாள்:
"கெடு முடிந்ததும் கடைசியாய் ஒருமுறை
ரிஜிஸ்டரைப் படிக்கிறாயா?
தாமதம் உன்னுடையதாகவும் இருக்கலாம்,
அது எப்போதோ முடித்திருக்கும்."

இல்லை.
ஒரு வரி சேர்க்கிறேன்.

முகத்துவாரத்தில் விசைப்படகொன்று
மணலில் தட்டி நிற்கிறது.
டீசல் புகை. யாரோ யாரையோ திட்டுகிறார்.
அணியத்தில் நிற்பவன் பார்க்கிறான்
தண்ணீரை, கயிற்றை,
கயிற்றை விட்டெறியுமுன்
திரும்பவும் தண்ணீரை.