எட்டு மணிக்கு முன் திறக்காதே

முதல் நாள் தெரியாமல் செய்துவிட்டேன்.
ஆற்றிலிருந்து நேரே வீட்டுக்குள்,
கழுத்தில் தொங்கியபடியே.
திறந்த கதவோடு தரையில் உருண்டு வந்த வெண்புகையைக்
காலால் ஒதுக்கிக் கதவைச் சாத்தி
தொட்டிலை நோக்கித் தூக்கினால்
ஐயீனா இல்லை.
தொட்டிலும் இல்லை.
விளக்கு மட்டும், உரித்த முட்டை போல.

வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே நாற்பத்தாறு.
அங்கே சொட்டும் வேர்க்காதது
அடுப்பெரியும் அறைக்கு வந்ததும் வேர்த்தது.
சட்டைக் கையால் துடைத்தேன்.
துடைத்த இடம் பார்க்கப் பார்க்க வெளுத்தது.
பிறகு அந்த வெளுப்பு மெல்லப் பின்வாங்கி
கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே
விரல் போகாத சந்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"எண்பதாயிரம் ரூபிளுக்கு
ஒரு மூடின ஜன்னல் வாங்கியிருக்கிறாய்"
என்றான் கெஸ்கில்.
அந்தப் பணம் வண்டிக்கு நாலு குளிர்கால டயர்.
அதை அவன் சொல்லவில்லை.
வாசலில் வழுக்கை டயரோடு நின்ற வண்டி
போகும்போதும் வரும்போதும் சொன்னது.

இரண்டு நாள் அரிசி டப்பாவில் புதைத்துவைத்தேன்.
பூட்ஸ் பெட்டிகளில் கிடக்குமே
தின்னாதே என்று எழுதிய பொட்டலங்கள்,
அவற்றைப் பொறுக்கி,
போதாமல் மாத்ரியோனா வீட்டிலும் கடன் கேட்டு.
(உப்பும் தீக்குச்சியும் கேட்டிருக்கிறேன் அவளிடம்.
இதைக் கேட்டபோது முழித்தாள்.)
மூன்றாம் நாள் தொட்டில் திரும்பி வந்தது,
பிறகு ஐயீனாவின் மூக்கு.

இன்று லேனா ஆற்றில் குடிதண்ணீருக்குப் பனிக்கட்டி வெட்டினார்கள்.
பகல் முழுக்க எடுத்தேன்.
பாட்டரியைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றி, போட்டு,
நாலு படம், மறுபடி கக்கம்.
இருட்டியதும் வாசலுக்கு வெளியிலேயே
பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை இறுக்கி,
பச்சை உடம்புக்காரியைக் கூட்டிவருவது போல
உள்ளே கொண்டுவந்தேன்.
மேலே ஒரு சீட்டு: எட்டு மணிக்கு முன் திறக்காதே.
ஒட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது,
கார்டைக் கழற்றவில்லை.
நாளெல்லாம் எடுத்த ஆறு
அந்தப் பைக்குள் கிடக்கிறது.

மணி ஐந்து.
அடுப்பில் மீன் சூப்.
கயிற்றில் குழந்தையின் எட்டுத் துணிகள்.
கெஸ்கில் கழற்றிப்போட்ட கம்பளி பூட்ஸ் உருகிக்கொண்டிருந்தது.
மூன்று பேர் மூச்சு.
பேசாதவர்களும் மூச்சு விடத்தானே வேண்டும்.
எல்லாம் போய் அந்தப் பையின் மேல் படிந்தது.
முதலில் மங்கல், அப்புறம் மணி மணியாய்,
அப்புறம் கோடாக வழிந்து
மேசைத் துணியில் ஓர் ஈரவட்டம்.

ஆறரை மணிக்கு அவன் எழுந்தான்.
தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைத்தேன்.
மேசையருகே நின்று
புறங்கையைப் பையின் மேல் வைத்துப் பார்த்தான்,
ஐயீனாவுக்குக் காய்ச்சல் பார்க்கும் அதே புறங்கை.
"இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது"
என்றான், சுவரைப் பார்த்து.
ஒன்பது நாளில் அவன் தானாகப் பேசியது அது.
ஏழே காலுக்கு மறுபடி வந்து தொட்டான்.
அப்போது ஒன்றும் சொல்லவில்லை,
உட்கார்ந்துகொண்டான்.

எட்டு.
திறந்தோம். கண்ணாடி கண்ணாடியாக இருந்தது.
நீலக் கட்டிகள் வரிசையாய்,
வெட்டின குழியில் கறுப்புத் தண்ணீர்,
ஸ்லெட்ஜை இழுக்கும் மாத்ரியோனாவின் மகன்.
"நான் எங்கே?"
"இதோ."
கடப்பாரை இருந்தது. தொப்பி இருந்தது.
இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பொதி.
"இதுவும் வேர்த்துவிட்டதா?"
"கேமராவுக்கு ஒன்றுமில்லை.
அது உன் மூச்சு."

படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.
திரை முழுக்க வெள்ளை ஆகும்வரை.
"நாளைக்கு இன்னொன்று எடு" என்றான்,
"மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்."

சூப்பை மறுபடி சூடாக்கினேன்.
பையை உதறி
கயிற்றில் ஒன்பதாவது துணியாகக் காயப்போட்டேன்.