புதிய துளை கூடாது

ரிச்சர்ட்ஸ் டவுன், லார்க்மெட் பங்களா.
ஒப்பந்தத்தில் ஏழாவது விதி:
சுவரில் புதிய துளை கூடாது.
சுண்ணாம்புச் சுவர், நூற்று முப்பது வயது.
டிரில்லைப் பையைவிட்டு எடுக்கவே விடவில்லை
தேச்சம்மா மேடம்.

ஏசிக்கு ஒயர் எப்படிப் போகும் என்றேன்.
இருக்கிற ஓட்டையில் எதையாவது தேடு என்றார்.

எலி போட்டது ஒன்று.
டெலிபோன்காரன் போட்டது இரண்டு.
விருந்தறைக் கதவுக்கு மேலே
பித்தளை வளையம் வைத்து இன்னொன்று.
விரலை விட்டேன். சொரசொரப்பே இல்லை,
ஆட்டுக்கல் குழி மாதிரி வழவழப்பு.
கீழ் விளிம்பு மட்டும் தேய்ந்து இறங்கியிருந்தது.
கயிறு.

பங்காவாக இருக்காது, என்றார் மேடம்,
அந்தக் காலத்து பெங்களூரில்
ஏப்ரலிலும் கம்பளி போர்த்தினார்கள்.
சொல்லும்போது அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக் கணக்கு நோட்டு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.
எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்த பக்கத்தில்
ஒயினும் மெழுகுவர்த்தியும்.
விளக்குப் பொருத்த மூடியைக் கழற்றினேன்,
கை சும்மா இருக்காதே, நாலு தாள் புரட்டினேன்.

மார்ச்: பங்கா ஆள், மூன்று ரூபாய்.
ஏப்ரல்: மூன்று ரூபாய். தூங்கினான், நாலணா பிடித்தம்.
மே: மூன்று ரூபாய். தூங்கினான், எட்டணா.
ஜூனில் மழை. ஜூனில் அவன் இல்லை.
மறு மார்ச்சில் மறுபடி பங்கா ஆள்.
பெயர் எழுதாத இடத்தில்
அதே ஆளா வேறா என்று எப்படிச் சொல்ல?
தூக்கத்தை வைத்துப் பார்த்தால் அதே ஆள்தான்.

மீதி ஒன்பது மாதம் எங்கே சாப்பிட்டான்?
எனக்கும் ஆடியில் வேலை இருக்காது,
ஆடியில் யார் கிரகப்பிரவேசம் வைக்கிறார்கள்?
அரிசிக்கடையில் கடன் சொல்வேன்.
அந்த நோட்டில்தான் என் பெயர் இருக்கிறது,
முழுசாக, இனிஷியலோடு.

ஒயருக்குச் சோப்புத் தடவி இந்தப் பக்கம் தள்ளினேன்.
சுவருக்கு அந்தப் பக்கம், பின் வராந்தாவில், இம்தியாஸ்.
அங்கிருந்து பார்த்தால் விருந்தறை தெரியாது.
இழு, என்று கத்தினேன்.
விடு. இழு. தூங்குறியாடா, இழு.
கத்தி முடித்த பிறகுதான்
என் காதில் விழுந்தது.

அவுட்டோர் யூனிட் முன்பக்கம் தெரியக் கூடாது, எட்டாவது விதி.
ஆகவே பின் வராந்தா.
உள்ளே இப்போது இருபது டிகிரி,
வருகிறவர்கள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள்.
உள்ளேயிருந்த சூடெல்லாம்
கயிறு வந்து இறங்கிய மூலையில் கொட்டுகிறது.

செக்யூரிட்டி மாதையா
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
பலாமரத்தடிக்குப் போய்விட்டார்.