கேட் சாத்தும் நேரம்

கையில் நாலாயிரத்து முந்நூறு.
ஆட்டோவுக்கே நூற்றிருபது போனது.
ரிச்சி தெருவில்
வலைத்தலை நெளிந்த ஒரு டைனமிக் மைக்.
முன்பு ஏதோ கட்சி மேடையில் இருந்திருக்கும்,
மூக்கருகே கொண்டுபோனால்
இன்னும் பாக்கு வாசம்.

இன்னொன்று கண்டென்சர்,
தஸ்தகீர் இரவல் தந்தது.
முட்டை அட்டைக்குள் வைத்துக் கொடுத்தான்:
'ஞாயித்துக்கிழம கல்யாணம்.
சனிக்கிழம அஞ்சு மணிக்கு என் கைக்கு வந்துரணும்.'

பத்துக்குப் பன்னிரண்டு அறை.
எப்சிபா கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள்.
சிம்பல் ஸ்டாண்டின் ஒரு கால் பீரோவுக்கு அடியில்.
டைனமிக்கை செங்கல் மேல் வைத்து
கிக் டிரம்முக்கு முகம் காட்டினோம்.
மற்றதற்கு அவளே அளந்தாள்.
ஸ்னேர் நடுவிலிருந்து
இரண்டு குச்சி உயரம்.
அங்கே துணிக்கொடிதான் இருந்தது.
தொங்கவிட்டோம்,
இரண்டு நைட்டிகளுக்கு இடையில்.

முதல் பதிவு.
இடக்காதில் டைனமிக்:
தொம். தொம்.
மூக்குக்கு முன்னால் நடப்பது தவிர
உலகம் தெரியாத ஆள்.

வலக்காதில்
ஸ்னேரின் அடிக்கம்பி நடுக்கம்,
ஹை-ஹாட் வாய் மூடும் சத்தம்,
கீழ்வீட்டு அடிபம்பு,
லாரி வந்துருச்சு என்று குடத்தோடு ஓடுகிற குரல்,
எப்சிபா பல்லுக்குள் எண்ணும் எண்,
மூணே முக்காலுக்கு
கொருக்குப்பேட்டை கேட் சாத்தி
அறையை நிறைத்துக்கொண்டு கூட்ஸ் வண்டி.

'இது வேணாம் எப்சி,
ஊர் வம்பெல்லாம் கேக்குது.'
'இரு. வண்டி வர்ற எடத்த மட்டும்
இன்னொரு தபா போடு.'

ஐந்து நாள்.
மைக்கை நகர்த்தவில்லை, பாட்டை நகர்த்தினாள்.
நடுவில் நான்கு சுற்று
அடிக்காமல் விட்டாள்.
'அங்க அவன் வாசிக்கட்டும்ணே.'

சனிக்கிழமை.
மூன்று நாற்பத்திரண்டுக்குத் தொடங்கி
அந்த இடத்துக்கு வந்தாள்.
குச்சிகளைத் தூக்கினாள்.
சிம்பலின் வால் மெலிந்து மெலிந்து
தீர்ந்தது.

வண்டி இல்லை.

ஒரு சுற்று.
ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன்,
கேட் திறந்தே கிடக்கிறது,
ஸ்கூட்டர்கள் தண்டவாளத்தில் குதித்துப் போகின்றன.
இரண்டு.
அடிபம்பும் ஓய்ந்திருக்கிறது.
மூன்று.
வலக்காதில்
ஈர நைட்டி சொட்டுகிறது.

நிறுத்தவா என்று பார்த்தேன்.
குச்சிகளை இறக்காமல்
தலையை மட்டும் ஆட்டினாள்.