பத்தொன்பதாம் எண்

படத்தின் பின்புறம் பென்சிலில்
'டனீடின், மழைக்கு முன்' என்று மட்டும்.
ஆண்டு இல்லை. ஆள் இல்லை.

வண்டியைச் சொல்லிவிடலாம்.
குளியல்தொட்டி அளவு உடம்பு,
மோட்டார் சைக்கிள் எஞ்சின்,
பெட்ரோல் மூடி ஏதோ பால்கேனுடையது.
வாலில் அந்த நெளிவு
நாற்பத்தொன்பது நவம்பரில் வேலியில் மோதியது.
ஆக, அதற்குப் பின்.

லெஸ்டர் பூதக்கண்ணாடியை நகர்த்துகிறார்
எறும்பை வழிமறிப்பவர் போல.
"பத்தொன்பது. கிளாரி ஹேட்ரெல்தான். வேறு யார்?"

காற்றுக்கண்ணாடியும் தோல்தொப்பியும் போக
மிச்சமிருப்பது ஒரு தாடை,
அதிலும் பாதி சேறு.

திமாருவுக்குக் கொண்டுபோனோம்.
கிளாரியின் மனைவி மெர்ல்
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.
வெகுநேரம் பார்க்கவில்லை.

"அவர் இல்லை இது.
வளைவில் நாக்கைக் கடித்துக்கொள்வார்,
வாய் மூடவே மூடாது.
இவன் வண்டியை அப்புறம் வாங்கியவன்.
பாதிப் பணம் இன்னும் வரவேண்டும்."

லெஸ்டர் குறிப்பேட்டில்
ஒரு பெயரை அடித்தார்.
மேலே எதுவும் எழுதவில்லை.

திருப்பி வாங்க நாங்கள் கை நீட்டியபோது
பிஸ்கட் டப்பாமேல் படத்தைச்
சாய்த்துப் பிடித்திருந்தார்,
ஓட்டியவன்மேல்
கட்டைவிரலை வைத்து.