சரியாகப் பன்னிரண்டு

உபி தொழிற்பேட்டை, ஆறாவது மாடி.
மேசையில் ஆறிப்போன கோப்பி ஓ,
திரையில் நாற்பத்தெட்டுப் பக்கக் கையேடு:
துவாஸ் கப்பல் பட்டறைக்கு,
நான்கு மொழிகளில் உயிர்காக்கும் விதிகள்.
தமிழ் கடைசி. நீளத்தில் முதல்.

கிம் லெங் நாற்காலியோடு உருண்டு வந்தார்.
"எட்டுப் புள்ளிக்கு இறக்கு, அடங்கிவிடும்.
படிக்கப்போவது எல்லாம் இளவட்டம்,
கண்ணெல்லாம் நல்ல கண்."

பதினொன்றிலேயே விட்டு அச்செடுத்தேன்.
நாற்பத்தோராம் பக்கத்தில் ஏதோ உறுத்தியது.

த பரவனால ஓடாதே.
மணயை அழுதது.

இரண்டு முறை வாசித்தேன்.
தட்டச்சில் எழுத்துகள் சரியாகத்தான் இருந்தன.
தாளில்தான் தலைகள் இல்லை.
தீயின் சுழியைக் காணோம்.
ஒற்றின் மேலிருந்த ஒரு புள்ளி போனதற்கு
அழுத்தச் சொன்ன இடத்தில்
எதுவோ அழுதுவிட்டிருந்தது.

பாணிகளின் பட்டியலைத் திறந்தேன்.
"ஹமீதா உரை 2".
நான் சேரும் முன்பே போய்விட்டவள்,
முகம்கூடத் தெரியாது.
அவள் பெயரை அழித்தால்
இருநூற்றுப் பத்துப் பத்திகள் அநாதை.
உள்ளே போனேன்:
எதை அடிப்படையாகக் கொண்டது? இயல்பு.
வரி இடைவெளி? சரியாகப் பன்னிரண்டு.

இயல்பு என்று அங்கே வைத்திருப்பது
ஆங்கிலத்தின் உயரம்.
அதற்கு மேல் எந்தக் கொம்பு எழுந்தாலும்
கூரை இறங்கி நறுக்கிவிடும்.
ஹமீதா, உன்னைக் குற்றம் சொல்லவில்லை.
உன்னிடமும் யாரோ
அடங்கிவிடும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"சரியாக" என்பதை எடுத்துவிட்டு
"குறைந்தபட்சம்" என்று மாற்றினேன்.
ஒரே சொடுக்கு.
பதின்மூன்று பக்கமும் மூச்சு இழுத்ததுபோல் உப்பி
கையேடு ஐம்பத்தொன்றுக்குப் போய் நின்றது.

பதினாறு பதினாறாகத்தான் மடியும் தாள்.
மூன்று பக்கத்துக்காக நான்காவது தாளா?
கிம் லெங் சம்மதிக்க மாட்டார்.

ஆகவே திருடினேன்.
ஆங்கிலத் தலைப்புகளுக்கு மேலே
பதினெட்டுப் புள்ளி வெற்றிடம் கிடந்தது; பத்தாக்கினேன்.
மலாய்ப் பட்டியலில் வரிக்கு அரைப் புள்ளி.
சீனம் தன் கட்டங்களில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது,
ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தபோது
திரும்பியும் பார்க்கவில்லை.
ஒருவருடைய ஒரு சொல்லையும் தொடவில்லை,
வெறும் காற்றைத்தான் எடுத்தேன்.

ஐம்பது.
நாற்பத்தொன்பது.

நாற்பத்தொன்பதாம் பக்கத்தின் உச்சியில்
"வெளியேறவும்" மட்டும் தனியாக,
பேருந்தைத் தவறவிட்டவன்போல் நின்றது.
எங்கே குறைப்பது என்று மேலே தேடினேன்.
"தயவுசெய்து உடனடியாக".
கூடம் முழுக்கப் புகை, இதில் என்ன தயவு?
அதை நீக்கினேன்.
நாற்பத்தெட்டு.

சேமிக்கும்போது பெயர் கேட்டது.
"ஹமீதா உரை 3" என்று கொடுத்தேன்.
இயல்பை அடிப்படையாகக் கொள்ளவில்லை.

கிம் லெங் கட்டைவிரலால் தாள்களைப் படபடவென்று தள்ளினார்.
"பார்த்தாயா, எட்டுப் புள்ளியில் எப்படி அடங்கிவிட்டது!"
தலையாட்டினேன்.
கோப்பியைக் கழுவும் தொட்டியில் ஊற்றினேன்.

தை செங் நிலையத்தில் ஏழு மணிக் கூட்டம்.
ரயிலுக்குள் முட்டித் தள்ளி ஏறினேன்.
ஒலிபெருக்கி வழக்கமான எச்சரிக்கையைத் தொடங்கியது,
முதலில் ஆங்கிலம், பிறகு மற்ற இரண்டும்.
காதை அந்தப் பக்கமே வைத்திருந்தேன்.
கடைசியாக எங்கள் முறை வந்தது:
தயவுசெய்து இடைவெளியைக்

கதவு மூடிக்கொண்டது.