எண் ஏற ஏறக் கிண்ணம் சிறுக்கும்

கொழும்பு பஸ்ஸில் வந்த பொதிக்குள்
மூன்று ஊதுவாய்கள்
பழைய காலுறை ஒன்றில் சுருண்டு கிடந்தன.
ஒன்றை வைத்துக்கொள்,
இரண்டைச் சனிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பு,
காலுறையையும் என்று எழுதியிருந்தான் ரொஷான்.

இரண்டரை, மூன்று, ஏழு.
எண் ஏற ஏறக் கிண்ணம் சிறுக்கும்.
துறைமுகக் கந்தோரில் கணக்கெழுதும் எனக்கு
அதை ஏற்க ஒரு பகல் பிடித்தது.
பேரேட்டில் இப்படி வந்திருந்தால்
சிவப்பால் சுழித்திருப்பேன்.

கவிழ்த்தால் பூசை மணி,
நிமிர்த்தினால் மருந்து குடிக்கும் குவளை.
அடியில் ஓர் ஈர்க்கு நுழையும் துளை,
என் மூச்சு முழுவதும் அதற்குள்ளால்தான் போகவேண்டும்.

விளிம்பு கூராக இருந்தால் சுரம் தெறிக்கும்,
உதடும் அறுபடும்.
உருண்டிருந்தால் உப்புவெளி மணல்:
மெத்தென்று இருக்கும், ஓடித் திரும்ப முடியாது.
கிண்ணம் ஆழ்ந்தால் குரல் கறுத்துச் செறியும்,
உச்சிக்குப் போக மூச்சு மலையேறும்.
ஆழம் குறைந்தால் உச்சி பக்கத்தில்தான்,
பேசுவது தகரம்.

திருக்கோணமலைக்காரிக்கு இது புதிதில்லை.
ஒடுங்கிய வாயும் ஆழ்ந்த வயிறுமாய்
ஒரு துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே
பதினொரு வருடம் தேநீர் குடித்திருக்கிறேன்.

தடித்த உதட்டுக்குப் பெரியது வேண்டும்
என்றார்கள் பாண்ட் பெடியன்கள்,
செருப்பு வாங்குவதுபோல.
என் மேல்வரிசையில் இடப்பக்கப் பல் ஒன்று
அரிசியளவு முன்னே நிற்கிறது.
அதை ஒருத்தரும் கேட்கவில்லை.
விளிம்பு முதலில் போய் அழுத்தியது அதில்தான்.

முதல் நாள் இரண்டரையை ஊதினேன்.
அறை நிறைந்தது, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது,
இவ்வளவு பெரிய குரலா எனக்கு என்று
எழும்பி நின்று ஊதினேன்.
ஐந்து நிமிடம்.
கலியாணம் பேச வந்தவர்களின் ஐந்து நிமிடம்.

அடுத்த நாள் டச்சுக் குடாவில்
மர்சூக்கை இருநூறு அடி தள்ளிப் படகில் இருத்தி,
எதுவென்று சொல்லாமல்
ஏழு, மூன்று, இரண்டரை என ஒரே மெட்டை ஊதினேன்.
புள்ளிமான் ஒன்று அரை லன்ச் சீற்றை மென்றபடி
காதை மட்டும் ஒருமுறை திருப்பியது,
எந்த எண்ணுக்கு என்று கவனிக்கவில்லை.
மர்சூக் கரைக்கு வந்து சொன்னான்:
"மூண்டும் ஒண்டுதான்.
கடைசியில ஊதக்குள்ள மட்டும்
உன்ட தோள் ரெண்டும் காதுக்கு ஏறிட்டுது."

வெள்ளிக்கிழமை அடக்கம்.
பாலையூற்றில் வில்பிரெட் தச்சர்,
வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து சேமக்காலை,
மூன்று மணி வெயில், தார் உருகும் வீதி.
இரண்டரையோடு புறப்பட்டேன்.
மூன்றாம் பாட்டில் உதடு என்னுடையதில்லை.
மேலேறும் இடத்தில் சுரம் பிளந்து வெறும் காற்று போனது,
பெட்டி தூக்கியவன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

பாதர் செபிக்கும் நேரத்தில்
சட்டைப் பைக்குள் கைவிட்டு மாற்றினேன்.
ஏழு.
பழகுகிற பிள்ளைகளுக்கு
ட்ரம்பெட் பெட்டியோடு சும்மா வரும் எண்.
நாற்பத்திரண்டு வயதில் அதை எடுப்பது
முன்பள்ளிக் கதிரையில் இருப்பதுபோல,
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.
எல்லோரும் குழியைப் பார்த்தார்கள்.

பெரிய குரல் இல்லை.
பல் இருப்பது நினைவுக்கு வரவில்லை,
உலோகம் இருப்பதும்.
வில்பிரெட்டின் மகள் மண் போடக் குனிந்தபோது
அவளுக்காக ஒரு சுரத்தை
இன்னும் கொஞ்சம் பிடித்து வைக்க முடிந்தது.
மூச்சு மிச்சமிருந்தது.

சனிக்கிழமை காலை இரண்டையும் கழுவி,
துளைக்குள் பழைய பற்தூரிகை விட்டுத் தேய்த்து,
காலுறைக்குள் போட்டு பஸ்காரனிடம் கொடுத்தேன்.
இரண்டரையைப் போடுமுன்
இன்னொருமுறை ஊதிப் பார்த்தேன், பொய்யென்ன.
யன்னல் அதிர்ந்தது.

திங்கள் கந்தோரில்
மேலுதட்டில் இன்னும் அரைவட்டத் தடம்.
என்ன கடித்தது என்றார் கணக்காய்வாளர்.
ஏழு என்றேன்.
அவர் பேரேட்டைப் புரட்டி
ஏழாம் பக்கத்தில் தேடத் தொடங்கினார்.